எண்பத்தேழு மா

மூன்று, ஆறு, ஒன்பது, மூன்று, ஆறு, பன்னிரண்டு. பிரின்ஸி தயிர்சாதத்தை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்திவிட்டாள். திரையில் இருந்த பட்டியலின் மீதியையும் படித்தாள். மூன்று, ஆறு, மூன்று, ஒன்பது, மூன்று. பதினோரு விவசாயிகள், பதினோரு எண்கள், அத்தனையும் மூன்றால் வகுபடுகிற எண்கள். தலைஞாயிறுக்குத் தெற்கே, கடல் உப்பு ஏறிய கடைமடை ஊரில், ஒருவருக்குக்கூடவா நான்கு ஏக்கர் இருக்காது? ஒருவருக்குக்கூடவா ஐந்து இருக்காது? மணி ஒன்று பத்து. சரியாக ஐந்து மணிக்கு, ஆராய்ச்சிக்கு நிதி தரும் டெல்லிக்காரர்களின் விண்ணப்ப இணையதளம் மூடிவிடும்.

அவள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். உங்களுக்கு எவ்வளவு நிலம் என்று அவள் அப்பாவைக் கேட்டால் 'பதினஞ்சு' என்பார். பதினைந்து என்றால் பதினைந்து மா. மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். பெண் பார்க்க வருகிறவர்கள் முதல் உரக்கடைக்காரர் வரை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் எண்ணுக்குப் பின்னால் மா என்று யாரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறவன் அரிசிச் சோறா என்றும் சேர்த்தா கேட்கிறான்? ஆனால் பட்டியலைத் தட்டச்சு செய்த கை, எண்களுக்கு மேலே கொட்டை எழுத்தில் 'ஏக்கர்' என்று போட்டிருந்தது. கீழே கூட்டுத்தொகை அறுபத்து மூன்று. உண்மையில் அது இருபத்தோரு ஏக்கர். டெல்லி கேட்டிருப்பது குறைந்தபட்சம் இருபது ஹெக்டேர், அதாவது ஐம்பது ஏக்கர்.

பிரின்ஸி கையைக் கழுவிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஏறினாள் என்று சொல்வதைவிட ஓடினாள் என்று சொல்வதுதான் சரி.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நிதி உதவிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பிரிவு என்றால் இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு வெள்ளைப் பலகை, பிரின்ஸி. பேராசிரியர்களுக்கு அறிவியல் தெரியும். ஆனால் எந்த அமைச்சகம் எப்போது எதற்குப் பணம் தருகிறது, விண்ணப்பம் எத்தனை பக்கம், எந்த இடத்தில் யாருடைய முத்திரை, இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள். ஒரு முத்திரை விட்டுப்போனால் போதும், உள்ளே நோபல் பரிசுக்கான விஷயமே இருந்தாலும் படிக்காமல் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பணம் வந்துவிட்டாலும் அவள் வேலை முடியாது. கருவி வாங்க, ஆள் எடுக்க, ஆண்டுதோறும் 'கொடுத்த பணத்தில் சொன்ன வேலை நடந்தது' என்று சான்றிதழ் தயாரித்து அனுப்ப, எல்லாவற்றுக்கும் அவள்தான். எந்த விண்ணப்பத்திலும் அவள் பெயர் இருக்காது. அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் கிடையாது. நிதி கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வரும் நாளில் அவள்தான் முதலில் படிப்பாள், படித்துவிட்டுச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லப் போகும் அந்த இரண்டு நிமிட நடை இருக்கிறதே, அதற்காகவே இந்த ஒப்பந்தச் சம்பளத்தில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டர் குந்தவைக்காக அந்த நடையை அவள் இன்னும் நடந்ததில்லை. குந்தவை மண் நுண்ணுயிரியல்காரர். உப்பு மண்ணில் தானாக முளைக்கும் உமரிச் செடியின் வேரில் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, அதை நெல் விதையில் ஏற்றினால் பயிர் உப்பைத் தாங்குகிறது என்று தொட்டியில் வளர்த்துக் காட்டியிருந்தார். வயலில் காட்டப் பணம் வேண்டும். நான்கு முறை விண்ணப்பித்து நான்கு முறையும் போயிற்று. 'வயலில் நிரூபிக்கப்படவில்லை' என்று நான்கு முறையும் பதில். வயலில் நிரூபிக்கத்தானே ஐயா பணம் கேட்கிறோம் என்று பிரின்ஸிக்கே ஆத்திரமாக வந்திருக்கிறது. இதற்கு நடுவில், மூன்று ஆண்டுகள் வெளிநிதி கொண்டுவராதவர்களின் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வது என்று பல்கலைக்கழகம் ஒரு விதி போட்டது. குந்தவையின் ஆய்வகம் ஜூன் கடைசியில் செயற்கை நுண்ணறிவு வகுப்புக்குப் போகிறது, கையில் ஒரு விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தால் மட்டும் ஓராண்டு தள்ளிப்போடுவார்கள். இப்போது மே கடைசி. விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே செய்து பார்க்கும் ஆராய்ச்சிக்கென்று இந்த ஒரு அறிவிப்புதான் வந்தது. அதற்கும் கடைசி நாள் இன்று.

"மேடம், விவசாயிங்களச் சேத்துக் குடுத்த துரைராசு அண்ணன்கிட்ட நிலம் எவ்வளவுன்னு கேட்டப்ப ஏக்கர்னு சொன்னாரா?"

குந்தவை நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் தஞ்சாவூர் டவுனில், வங்கி ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவர். வெள்ளரிப்பிஞ்சு வாங்கப் போனால்கூடக் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். யோசித்துப் பார்த்துவிட்டு, அவர் ஏக்கர் என்று சொல்லவில்லை, ஆறு, ஒன்பது என்றுதான் சொன்னார், வேறு என்னவாக இருக்கும் என்று நினைத்துத் தானேதான் தட்டச்சு செய்ததாகச் சொன்னார். பிரின்ஸி விஷயத்தைச் சொன்னதும் பக்கத்தில் இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு வயதில் சொந்த ஜில்லாவின் நிலக் கணக்குத் தெரியாத நான் நிலத்துக்கு என்ன மருந்து கொடுக்கப் போகிறேன் என்றார். அழுவாரோ என்று பயமாக இருந்தது பிரின்ஸிக்கு.

இருவரும் பதிவாளர் அறைக்குப் போனார்கள். அறுபத்து மூன்று ஏக்கர் என்று எழுதிய ஒப்புதல் கடிதத்தில் முந்தைய நாளே கையெழுத்துப் போட்டவர் அவர்தான். ரெங்கசாமி கெட்டவர் இல்லை. ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது, அது வரைக்கும் ஒரு வம்பும் வேண்டாம் என்று காகிதங்களைக் கண்டாலே கொஞ்சம் பின்வாங்கி உட்காருவார், அவ்வளவுதான்.

"மான்னா என்னன்னு டெல்லியில எவனுக்கும்மா தெரியப்போவுது? போட்டது போட்டதாவே இருக்கட்டும். அனுப்பிடுங்க."

குந்தவை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நிற்பார்கள். பிரின்ஸிதான் வாயைத் திறந்தாள்.

"சார், காசு வந்துச்சுன்னா வருசா வருசம் அறுபத்து மூணு ஏக்கர்ல வேலை நடந்துச்சுன்னு எழுதிக்கிட்டு உங்க சீட்டுக்கு வரப்போறது நான்தான். மூணு வருசம் அத எழுத எனக்குக் கை வராது. முதல் காகிதத்துல உங்க கையெழுத்து இருக்கும்."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. ஓய்வூதியக் கோப்பு அவர் கண் முன்னால் ஒரு முறை பறந்து போயிருக்க வேண்டும். பழைய கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தார். ஐம்பது ஏக்கர் சேர்த்துக்கொண்டு வந்தால் புதுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகவும், ஐந்து மணி வரை இருக்கையை விட்டு நகர மாட்டேன் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் குந்தவை, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாமே என்று முணுமுணுத்தார். அடுத்த வருடம் பார்க்க ஆய்வகம் எங்கே இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். பிரின்ஸி வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நின்று எழுதினாள். வேண்டியது நூற்றைம்பது மா. இருப்பது அறுபத்து மூன்று. மீதி எண்பத்தேழு. மணி ஒன்று ஐம்பது.

துரைராசு போனை எடுத்தபோது நாதஸ்வரச் சத்தம் காதைக் கிழித்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தார். அந்த ஊரில் ஒன்பது மாவுக்குச் சொந்தக்காரர், தண்ணீர்ப் பங்கீட்டுச் சங்கத்தின் தலைவர், முதல் பதினோரு பேரையும் சேர்த்துக் கொடுத்தவர் அவர்தான். பிரின்ஸி சொன்னதைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"ஏக்கரா? ஏங்க, ஆளுக்கு அவ்வளவு இருந்தா நாங்க ஏன் இந்த உப்புல கெடக்குறோம்?"

சிரித்து முடித்த பிறகு எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். எண்பத்தேழு மா என்றதும் ஒரு விசில் அடித்தார். பிறகு குரல் மாறிவிட்டது, வாய்க்காலில் யாரோ மடையை அடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டவர் மாதிரி. காலையில் தாலி கட்டி முடிந்து மூன்றாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று ஊர் ஜனமும் மண்டபத்தில்தான் இருந்தது. எல்லாம் உப்பு ஏறிய ஊர்கள். மண்டபத்துக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் தாம்பூலப் பை வாங்காமல் போக மாட்டார்கள். அந்த மேசையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், காகிதத்தை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுத் துண்டித்துவிட்டார்.

பிரின்ஸி அரைப் பக்கத்தில் ஒப்புதல் படிவம் ஒன்று தயார் செய்தாள். பெயர், ஊர், சர்வே எண், கையெழுத்து, நிலத்தின் பரப்பு. பரப்புக்குப் பக்கத்தில் 'மா' என்று இருக்கிற எழுத்துகளிலேயே பெரிதாக அடித்தாள். குந்தவைக்கு ஒரு சந்தேகம், கல்யாணத்துக்கு வந்தவர்கள் சர்வே எண்ணுக்கு எங்கே போவார்கள்? பிரின்ஸிக்குச் சிரிப்பு வந்தது. பயிர்க் காப்பீட்டுக்காக அலைந்து அலைந்து அந்த ஊர்களில் எல்லோர் போனிலும் பிள்ளைகள் படத்துக்கு அடுத்தபடி, சர்வே எண் போட்ட சிட்டாவின் படம்தான் இருக்கும்.

இரண்டு இருபத்தைந்துக்கு முதல் படிவத்தின் படம் வந்தது. காகிதத்தின் மூலையில் சாம்பார்க் கறை. ஆறு மா. குந்தவை பலகையில் அறுபத்து மூன்றை அழித்து அறுபத்தொன்பது என்று எழுதினார். எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது, மூன்று மா. அதற்கு அடுத்தது ஒன்பது. போன் மேசையில் வண்டு மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. பிரின்ஸி ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிக் கையெழுத்து இருக்கிறதா, எண் தெரிகிறதா என்று பார்ப்பாள், தெரியாவிட்டால் திருப்பி அனுப்புவாள், சரியாக இருந்தால் கத்துவாள். கத்தத்தான் செய்தாள். எண்பத்தொன்று! தொண்ணூறு! நடைபாதையில் போன இயற்பியல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, எந்தத் தொகுதி ரிசல்ட் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டிருந்தார். கழுத்தில் மாலையோடு படிவத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படத்தையும் சேர்த்தே துரைராசு அனுப்பியிருந்தார். பெண்ணும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் வீட்டுக்காரருக்கு எத்தனை மா என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கலாம். குந்தவை அந்தப் படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சிரித்தார். இந்த ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து பிரின்ஸி பார்த்ததில்லை. கொண்டையைப் பிரித்து முடிந்துகொண்டு, பேனா மூடியை வாயில் கடித்தபடி பலகைக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தார், பரீட்சை முடிந்த பெண் மாதிரி. மூன்றேகாலுக்கு நூற்று நாற்பத்தொன்று. இன்னும் ஒன்பதே ஒன்பது மா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் கண் பட்டுவிடும் என்கிற மாதிரி.

பட்டுத்தான் விட்டது. பன்னிரண்டு மா கொடுத்திருந்த ஒருவரின் சிட்டாவைச் சரிபார்த்தபோது அது கோவில் நிலம், அவர் குத்தகைக்காரர் என்று தெரிந்தது. கோவில் நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் அதைச் சேர்க்க முடியாது, அந்தக் கடிதம் இந்த ஜென்மத்தில் ஒன்றரை மணி நேரத்தில் வராது. பிரின்ஸி மனசைக் கல்லாக்கிக்கொண்டு அதை நீக்கினாள். நூற்று இருபத்தொன்பது. சிங்கப்பூரில் கிரேன் ஓட்டும் செந்தில்குமார் என்பவரை அவர் மனைவி மண்டபத்திலிருந்தே வீடியோவில் கூப்பிட்டாள், அவர் ஒரு அட்டைப்பெட்டியின் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்திட்டு அனுப்பினார். ஆறு மா. நூற்று முப்பத்தைந்து. அத்துடன் போன் அடங்கிவிட்டது. பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து நிமிடம் போயிற்று. துரைராசு கூப்பிட்டு, கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது, மண்டபத்தில் இலை எடுக்கிறவர்களும் சமையல்காரரும்தான் பாக்கி என்றார். மணி மூன்று ஐம்பத்தைந்து. வேண்டியது பதினைந்து மா.

ஒரே ஒருவர் இருக்கிறார் என்று அவர் இழுத்தார். ஹபீபுன்னிசா என்று ஒரு அம்மா. கணவர் இறந்த பிறகு பதினெட்டு மாவையும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர், கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு வாசலில் ஆட்டோவுக்காக நிற்கிறார். படிவத்தை நீட்டியதும் அதைப் படித்துப் பார்த்துவிட்டு முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நான் பேசினால் கேட்க மாட்டார், நீங்கள் பேசுங்கள் என்று துரைராசு போனை அவர் கையில் கொடுத்துவிட்டார். பிரின்ஸி ஒலிபெருக்கியைப் போட்டு போனை குந்தவைக்கு முன்னால் வைத்தாள்.

குந்தவை திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பாக்டீரியா, விதை நேர்த்தி, உப்பைத் தாங்கும் வேர். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார். ஆட்டோக்கள் போகும் சத்தம் கேட்டது.

"எல்லாம் சரிம்மா. எங்க வயல்ல மூணு தடவ மண்ணு எடுத்துட்டுப் போயிருக்காங்க. டப்பாவுல, பையில. மண்ணுக்கு என்ன நோவுன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொல்லல. நானும் ஒவ்வொரு தடவயும் டீ போட்டுக் குடுத்தேன்."

குந்தவையின் முகம் சிவந்து பிறகு வெளுத்தது. பிரின்ஸிக்குக் காரணம் புரியவில்லை. அவளுக்குக் கடிகாரம்தான் கண்ணில் பட்டது, நான்கு மணி நான்கு நிமிடம். ஏதாவது சமாதானம் சொல்லுங்களேன் என்று கையைக் காட்டினாள். குந்தவை பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, அந்த மூணு பேர்ல ஒருத்தி நான்தான். நாலு வருசம் ஆச்சு. பாசிப்பயறு காயப்போட்டிருந்தீங்க வாசல்ல. உங்க மண்ணுல இருக்கிற உப்பு அளவ எழுதித்தான் டெல்லிக்கு ரெண்டு தடவ காசு கேட்டேன். உங்ககிட்ட வந்து சொல்லல. காசு வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

பிரின்ஸிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு, இந்த நேரத்திலா இந்தப் பெண்மணிக்கு உண்மை பேசத் தோன்ற வேண்டும்? மதியத்திலிருந்து தானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அந்தம்மா துண்டித்துவிட்டாரோ என்று போனை எட்டிப் பார்த்தாள். இல்லை.

"தெரியும்மா," என்றார் ஹபீபுன்னிசா. "குரல்லயே தெரிஞ்சுது. நீயா சொல்றியான்னு பாத்தேன்."

பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டெல்லியிலிருந்து பணம் வராவிட்டாலும் வருவாயா? குந்தவை நன்றாக யோசித்தார், வண்டிச் செலவிலிருந்து எல்லாம் மனசுக்குள் ஓடியிருக்கும். ஆய்வகமே இல்லாமல் போனாலும்தானா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறவர் மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்தார். வருகிறேன் என்றார். எப்போது என்றார் அந்தம்மா, விடாமல். வருகிற சனிக்கிழமை, பழைய முடிவுகளை எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்குள். இந்தத் தடவை எல்லோர் வயலிலும் மண் எடுக்க வேண்டும், அதன் முடிவையும் விதைப்புக்கு முன்னால் வந்து சொல்வேன் என்றார் குந்தவை. அந்தப் பக்கத்தில் பேனாவைக் கொடு என்று துரைராசுவிடம் கேட்கும் குரல் கேட்டது.

பதினெட்டு மா. நூற்று ஐம்பத்து மூன்று. ஐம்பத்தோரு ஏக்கர்.

அப்புறம் நடந்ததை நிதானமாகச் சொல்ல முடியாது, நிதானமாக நடக்கவும் இல்லை. குந்தவை பதினோராம் பக்கத்திலும் பத்தொன்பதாம் பக்கத்திலும் பரப்பளவை மாற்றினார். பிரின்ஸி எல்லாப் படங்களையும் ஒரே கோப்பாகச் சேர்த்தால் அது இணையதளம் அனுமதிக்கும் அளவைப் போல ஏழு மடங்கு இருந்தது, சாம்பார்க் கறை முதற்கொண்டு அத்தனையும் பளிச்சென்று. அதைச் சுருக்கினால் சர்வே எண் மங்கியது, மறுபடி கொஞ்சம் விரித்தாள், மறுபடி சுருக்கினாள். புதுக் கடிதத்தைப் பதிவாளரிடம் எடுத்துக்கொண்டு குந்தவை ஓடினார், நாற்பத்திரண்டு வயதுப் பேராசிரியை புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. நான்கு நாற்பத்தெட்டுக்கு எல்லாம் ஏறிவிட்டது. கடைசிப் பொத்தானை அமுக்கப் பதிவாளர் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட வேண்டும். வந்த எண்ணை அவர் இண்டர்காமில் சொல்லி முடிப்பதற்குள் அது காலாவதி ஆகிவிட்டது. இரண்டாவது எண்ணுக்கு அவரே எழுந்து வந்துவிட்டார். நகர மாட்டேன் என்று சொன்ன இருக்கையை விட்டு, இரண்டு கட்டிடம் தாண்டி வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசி இலக்கத்தை இரண்டு முறை சொன்னார்.

நான்கு ஐம்பத்தேழு. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிரின்ஸி மாதாவை வேண்டினாள், பதிவாளர் பெருமாளை வேண்டியிருப்பார், குந்தவை யாரை வேண்டினார் என்று தெரியாது, பாக்டீரியாவையாகக்கூட இருக்கலாம். வட்டம் நின்றது. விண்ணப்பம் பெறப்பட்டது என்று ஒரு வரியும் அதன் கீழ் நீளமாக ஓர் எண்ணும் வந்தன. ரெங்கசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஆய்வகத்தை எடுக்கச் சொன்ன உத்தரவைப் பற்றி நாளைக்குத் தன்னிடம் ஒரு கடிதம் கொடுக்கும்படி குந்தவையிடம் சொல்லிவிட்டுப் போனார். பிரின்ஸி திரையில் இருந்த நீள எண்ணை மூன்று முறை படித்துப் பார்த்தாள். இத்தனைக்கும் இது வெறும் அனுப்பியது மட்டும்தான். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிய ஆறு மாதம் ஆகும். நாட்டில் எத்தனை குந்தவைகள் இன்று இதே நேரத்தில் இதே பொத்தானை அமுக்கியிருப்பார்கள்? ஆனாலும் அவளுக்கு மேசையின் மேல் ஏறி நின்று கத்த வேண்டும் போல இருந்தது.

போன் உறுமியது. இன்னொரு படிவம். மூன்று மா. ஊர் பெயர் வேறு. பிரின்ஸி துரைராசுவைக் கூப்பிட்டு, போதும் அண்ணே, அனுப்பியாயிற்று, நேரம் முடிந்துவிட்டது என்றாள். அவர் மண்டபத்திலிருந்து கிளம்பி ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். தான் யாரையும் கேட்கவில்லை, சனிக்கிழமை மண்ணைப் பார்த்துச் சொல்ல வருகிறார்களாமே என்று அந்தம்மா ஆட்டோவில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார், அவர்களாக எழுதிக் கொடுக்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு வந்தன. கோவில் நிலத்துக் குத்தகைக்காரரும் தன் பெயரை மறுபடி அனுப்பியிருந்தார். இந்த முறை நிலம் எவ்வளவு என்ற இடத்தை வெறுமனே விட்டுவிட்டு, மண் மட்டும் பார்த்துச் சொல்லவும் என்று எழுதியிருந்தார்.

இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று பிரின்ஸிக்குத் தெரியவில்லை. குந்தவை மாடிக்குப் போனார். திரும்பி வரும்போது மண் மாதிரி எடுக்கும் பாலிதீன் பைக்கட்டு ஒன்றும், மையழியாத பேனா இரண்டும் கையில் இருந்தன. முதல் பையை மேசையில் விரித்து, உள்ளங்கையால் நீவி, ஹபீபுன்னிசா என்று எழுதினார். அதன் கீழே பதினெட்டு மா. அடுத்த பை, அடுத்த பெயர். ஒரு பேனாவை பிரின்ஸி பக்கம் தள்ளினார்.

எழுதி வைத்த பைகள் மின்விசிறிக் காற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பறக்கப் பார்த்தன. பிரின்ஸி எழுந்து போய் விசிறியை நிறுத்தினாள். மே மாத வெக்கை அறையை நிறைத்தது. போன் மறுபடி உறுமியது, குந்தவை நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அடுத்த பெயரைச் சத்தமாகப் படிக்கும்படி சொன்னார்.